எட்டு நிமிடச் சம்பியன்கள்

போன மாதம் எழுதும்போது, அடுத்த முறை கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப் போவதைப் பற்றிக் கதைப்போம் என்று சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும். டோர்ட்மண்டில் இருக்கிற ஒருவருக்கு இந்த இரண்டு கிழமையும் வேறு எதையும் யோசிக்க ஏலவில்லை. உதைபந்தாட்டம் பிடிக்காதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது உதைபந்தாட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 மே 27, சனிக்கிழமை. பருவத்தின் கடைசி நாள். பொருசியா டோர்ட்மண்ட் 70 புள்ளி, பயேர்ன் மியூனிக் 68. சொந்த மைதானத்தில் மைன்ஸை வென்றால் 2012க்குப் பிறகு முதல் தடவையாகச் சம்பியன். வென்றால் போதும், வேறு கணக்குத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் 2க்கு 2 என்று சமன் செய்தார்கள். பயேர்ன் கேல்னில் 2க்கு 1 என்று வென்றது. இரண்டு பக்கமும் 71 புள்ளி. கோல் வித்தியாசத்தில் அவர்களுக்கு 54, எங்களுக்கு 39. பதினோராவது தடவையாகத் தொடர்ந்து கிண்ணம் மியூனிக்குக்குப் போனது.

என் சின்னவனுக்கு 9 வயது. அன்று வரை, அவன் பிறந்ததிலிருந்து பயேர்னைத் தவிர வேறு ஒருவரும் சம்பியனாகி அவன் கண்டிருக்கவில்லை. அவனுக்கு அது வெயில், மழை போல ஓர் இயற்கை.

*

நான் 1987இல் இந்த ஊரில் பிறந்தவள். டோர்ட்மண்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான மினிஸ்டர் ஸ்டைன் மூடப்பட்டதும் அந்த வருஷம்தான். பிறகு 2001இல் ஹேர்டேயில் ஃபீனிக்ஸ் உருக்காலையும் நின்றது. அதைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பினார்கள். ஆலை நின்ற இடத்தில் இப்போது ஏரி. நாங்கள் பிள்ளைகளைச் சைக்கிள் ஓட்டக் கூட்டிப் போகிறோம். நிலக்கரி போய், உருக்கு போய், பியர் ஆலைகளும் ஒவ்வொன்றாகப் போக, இந்த ஊர் தன்னுடையது என்று கையில் பிடித்து வைத்திருந்தது ஒரு கழகத்தைத்தான். 1909 டிசம்பர் 19ஆம் தேதி, பொர்சிக்பிளாட்ஸ் பக்கத்தில் ஒரு மதுச்சாலையில், தேவாலயத்துப் பாதிரியாரின் பேச்சைக் கேட்காத பெடியள் கூடித் தொடங்கிய கழகம். இந்த ஊர்ச் சனம் "பே ஃபௌ பே" என்று சொல்லும்போது தங்கள் வீட்டு ஆளைச் சொல்வது போலத்தான் இருக்கும்.

எனக்கு 10 வயதில், 1997இல், மியூனிக்கில் யுவெந்துஸை 3க்கு 1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணம் எடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். 2005இல் கழகம் கடனில் மூழ்கப் பார்த்தபோது எனக்கு 18. அபித்தூர் பரீட்சைக்குப் படிக்காமல், முதலீட்டாளர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்று வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஏசினா: "உன்ர அப்பான்ர கடை போகப்போற மாதிரி இருக்கிறாய்!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு உதைபந்தாட்டத்தோடு வேறு கணக்கு இருந்தது.

அப்பா 1985இல் வந்தவர். 29 வயது. க்ரொய்ட்ஸ்ஃபியர்ட்டலில் ஒரு இத்தாலிய ரெஸ்ரோறன்ற் குசினியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை. மைதானம் அங்கிருந்து நடக்கிற தூரம். சனிக்கிழமைகளில் பின் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். கோல் விழுந்தால் அந்தச் சத்தம் குசினிக்குள் வரும். எத்தனை சத்தம் வந்தது என்று எண்ணித்தான் அன்று இரவு எவ்வளவு பிட்சா மா உருட்டுவது என்று முடிவெடுப்பாராம். வென்ற நாளில் சனம் கனக்கச் சாப்பிடும். தோற்ற நாளில் குடிக்கும்.

ஆனால் ஒரு நாளும் மைதானத்துக்குள் அவர் போனதில்லை. நேரமில்லை என்பது ஒரு காரணம். மற்றதைப் பிறகுதான் எனக்குச் சொன்னார். 1980களில் தெற்கு மேடையில் "பொருசன்ஃப்ரொன்ட்" என்ற நவநாசிக் கூட்டம் நின்றது. மட்ச் நாளில் ஸ்டேஷன் பக்கம் போகாதே, போனாலும் தனியப் போகாதே என்பது அந்தக் காலத்தில் நம் ஆட்களுக்குள் ஒரு சட்டம். நான் மஞ்சள் சால்வையோடு வீட்டுக்குள் வந்த முதல் நாள் அவருடைய முகம் எப்படி மாறியது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

கழகம் இன்று வேறு மாதிரி. ரசிகர்களை அவுஷ்விட்ஸ் வரை கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். 1945இல் கெஸ்டாப்போ கொன்ற தங்கள் மைதானக் காவலர் ஹைன்ரிக் செர்க்குஸின் நினைவாக ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் பிட்டர்மார்க் காட்டுக்கு ஓட்டம் நடக்கிறது. என் மகள் ஒரு முறை ஓடியிருக்கிறாள். ஆனாலும் அப்பா போகவில்லை. சில பயங்கள் காரணம் போன பிறகும் வீட்டை விட்டுப் போகாது.

*

இனி இந்தப் பருவத்துக்கு வருகிறேன்.

2022 கோடையில் ஹாலண்ட் மான்செஸ்டருக்குப் போனார். அவருடைய இடத்துக்கு அயக்ஸிலிருந்து செபாஸ்டியன் ஹாலரைக் கொண்டு வந்தார்கள். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா ஐவரி கோஸ்ட். பிறந்தது பிரான்சில், விளையாடுவது ஐவரி கோஸ்டுக்கு. எங்கள் பிள்ளைகளுக்கு இப்படியான ஆட்களை உடனே பிடித்துவிடும். வந்து சில நாட்கள்தான். ஜூலையில் சுவிஸில் பயிற்சி முகாமில் இருக்கும்போது விதைப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். புற்றுநோய். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் பூண்டஸ்லீகாவில் நாலு விளையாட்டு வீரர்களுக்கு அதே நோய்: பௌம்கார்ட்ல், ரிக்டர், ஹாலர், போட்டியுஸ். இளம் ஆண்களுக்கு வரும் நோய், நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் குணமாகும் என்று எல்லாப் பேப்பரிலும் எழுதினார்கள். நாலு பேரும் அதைப் பெயர் சொல்லி வெளியே சொன்னார்கள்.

செப்டம்பரில் என் அப்பாவுக்கு. குடலில்.

நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

உங்களில் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் அந்த நோய்க்குப் பெயர் கிடையாது. "அந்த வருத்தம்" என்போம், அதையும் குரலைத் தாழ்த்தி. சனத்துக்குத் தெரிந்தால் கதை வரும். பாவம் பார்க்க வந்து, இருக்கிற ஆளைச் செத்த ஆள் மாதிரிப் பார்ப்பார்கள். அம்மா சொன்னா: "பிள்ளையளுக்கும் சொல்லவேண்டாம். பள்ளிக்கூடத்தில போய் உளறுவினம்." நானும் சரி என்றேன். அம்மப்பாவுக்கு வயிற்றில் சின்ன ஒப்பரேஷன், பிறகு கொஞ்ச நாள் மருந்து ஏற்ற வேணும் என்று சொல்லி வைத்தோம். மகளுக்கு 13 வயது; அவள் நம்பாதது போல என்னைப் பார்த்தாள், ஆனால் கேட்கவில்லை. சின்னவன் நம்பினான் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு ஏற்றிய மருந்தில் ஒரு குணம் இருந்தது. குளிர் பட்டால் விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும். ஃப்ரிட்ஜ் திறக்கக் கையுறை போடுவார். தண்ணீரைச் சூடாக்கித்தான் குடிப்பார். "வயசு போயிட்டுது, குளிருது" என்று சமாளித்தார்.

*

உலகக் கிண்ணத்துக்காக நவம்பரில் லீக்கை நிறுத்தியபோது டோர்ட்மண்ட் ஆறாம் இடம். பயேர்னை விட 9 புள்ளி பின்னால். கடைசி இரண்டு ஆட்டமும் தோல்வி. பயிற்றுவிப்பாளர் எடின் டெர்சிச் பக்கத்தில் மெண்டனில் பிறந்தவர், சின்ன வயதில் தெற்கு மேடையில் நின்று பார்த்த ரசிகர். அவரையே விலக்க வேணும் என்று கதை தொடங்கிவிட்டது.

ஜனவரி 22, ஞாயிறு, அவுக்ஸ்பூர்க்கோடு வீட்டில் ஆட்டம். அப்பா வீட்டில், ரி.வி. முன்னால், எல்லாரும். இரண்டாம் பாதியில் ஹாலர் எல்லைக் கோட்டில் வந்து நின்றார். நாலு சுற்றுக் கீமோ, இரண்டு ஒப்பரேஷன், ஆறு மாதம். மைதானம் முழுக்க எழுந்து நின்றது. நானும் எழும்பிவிட்டேன். அப்போதுதான் சின்னவன், ரி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், சாதாரணமாகக் கேட்டான்:

"அம்மப்பா, உங்களுக்கும் ஹாலருக்கு வந்தது மாதிரித்தானே? கிரெப்ஸ்?"

அம்மா குசினியில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தவ, தண்ணீர்ச் சத்தம் நின்றது. நான் என் கணவரைப் பார்த்தேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்:

"ஓம் அப்பன். ஆனா வேற இடத்தில."

"அப்ப நீங்களும் திரும்பி விளையாடுவீங்கள்தானே?"

"பாப்பம்."

அவ்வளவுதான். வீடு இடிந்து விழவில்லை. பள்ளிக்கூடத்தில் போய் உளறவும் இல்லை; சொன்னாலும் என்ன? அவனுக்கு நவம்பரிலிருந்தே தெரியும் என்று பிறகு சொன்னான். கையுறையைப் பார்த்து அக்காவிடம் கேட்டானாம், அக்கா தேடிப் பார்த்தாளாம். இரண்டு பேரும் எங்களைப் பயப்படுத்தக் கூடாது என்று மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் அவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தோம். அவர்கள் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். 9 வயதுப் பிள்ளை இரவில் படுக்கையில் இதைத் தனியே யோசித்திருக்கிறான் என்று நினைக்க இன்றைக்கும் வயிறு பிசைகிறது.

அன்று 4க்கு 3 என்று வென்றார்கள். அதிலிருந்து தொடர்ந்து எட்டு லீக் வெற்றி. பெப்ரவரி 4, ஃப்ரைபூர்க்கோடு 5க்கு 1. ஹாலர் டோர்ட்மண்டுக்காகத் தன் முதல் லீக் கோலை அன்று அடித்தார். அது உலகப் புற்றுநோய் தினம். யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத காரியம். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அப்பாவுக்குக் கடைசி மருந்து ஏற்றி முடிந்தது. சின்னவன் அந்தக் கோலைப் பத்துத் தரமாவது அவருக்குப் போட்டுக் காட்டியிருப்பான்.

*

மே 7ஆம் தேதி, வொல்ஃப்ஸ்பூர்க்கோடு ஆட்டம். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் மூன்று ரிக்கெற் தந்தார். நான், சின்னவன், மூன்றாவது யாருக்கு என்று வீட்டில் கதைக்கும்போது அப்பாவே சொன்னார்: "நான் வரட்டே?"

முப்பத்தெட்டு வருஷம். U45இல் மஞ்சள் சட்டைகளுக்கு நடுவே, கைத்தடி இல்லாமல், என் பழைய சால்வையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். ஒரு தடித்த மீசைக்காரர் எழுந்து அவருக்கு இடம் விட்டார். "டாங்கே" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த ஆளுக்கும் ஒருக்கால் "டாங்கே" என்றார். உள்ளே போய்ப் படியேறி, அந்தப் பச்சைத் தரையும் எதிரே தெற்கு மேடையும் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டார். 81,365 பேர் கொள்ளும் மைதானம். அந்த ஒரு மேடையில் மட்டும் சுமார் 25,000 பேர், நின்றபடி. மஞ்சள் சுவர் என்று சும்மா சொல்லவில்லை.

"நல்லூர்த் தேர் மாதிரிக் கிடக்கு பிள்ளை," என்றார்.

6க்கு 0. ஹாலரும் ஒன்று. ஒவ்வொரு கோலுக்கும் அப்பா எழும்பவில்லை. சிரித்துக்கொண்டு விரலை மடக்கி எண்ணினார். பழைய பழக்கம். ஆறாவதுக்கு என் காதில் சொன்னார்: "இண்டைக்கு மா காணாது."

*

இடையில் புள்ளி விட்ட இடங்களையும் சொல்லத்தான் வேண்டும். ஏப்ரலில் ஸ்டுட்கார்ட்டில் 2க்கு 0 முன்னிலை, எதிரில் பத்துப் பேர்தான். கடைசி நிமிடங்களில் விட்டு 3க்கு 3. போஹுமில் 1க்கு 1. கொடுக்க வேண்டிய பெனால்டியைக் கொடுக்கவில்லை என்று நடுவரே பிறகு ஒப்புக்கொண்டார். இரண்டில் எதிலாவது வென்றிருந்தால் மே 27இல் சமன் போதும். ரசிகர்களுக்கு இந்தக் கணக்குப் போட்டுப் போட்டுத் தூக்கம் வராது.

எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ஜெர்மனியில் 50, 55, 60, 65 வயதில் காப்புறுதியிலிருந்து ஒரு கடிதம் வரும். குடல் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிக்கிற சோதனைக்கு அழைப்பு. 50 வயதிலிருந்தே கமரா விட்டுப் பார்க்கிற உரிமை இருக்கிறது, காசு இல்லாமல். அப்பாவுக்கு 2021இல் 65 வயது. கடிதம் வந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் வாசிக்கிறவள் நான்தான். 8 வயதிலிருந்து எனக்கு அந்த வேலை. உங்களில் எத்தனை பேருக்கு அதே வேலை இருந்தது என்று எனக்குத் தெரியும்: வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம், வீட்டு வாடகைக் கடிதம், டொக்டரிடம் அம்மாவின் வயிற்று வலியை மொழிபெயர்த்தது.

அன்றைக்கு அவசரம். உறையைப் பிரித்தேன், கண்ணை ஓட்டினேன், "அப்பா, இது டொக்டர் செக்கப், பிறகு பாப்பம்" என்று ரி.வி. மேசை லாச்சிக்குள் வைத்தேன். பிறகு பார்க்கவில்லை. ஒரு வருஷம் கழித்து, ஒப்பரேஷனுக்கு முன், காப்புறுதி அட்டையைத் தேடப் போய் அதே லாச்சியில் அந்தக் கடிதத்தைக் கண்டேன்.

அந்தப் பருவம் முழுக்க அது என் நெஞ்சுக்குள் கிடந்தது.

*

மே 27. ரிக்கெற் கிடைக்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து, சின்னவனை ஒன்பதாம் இலக்கச் சட்டையோடு நேரே அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பொர்சிக்பிளாட்ஸுக்குப் பக்கத்தில்தான் வீடு. கிண்ணம் வந்தால் ஊர்வலம் அந்தச் சந்தி வழியாகத்தான். எல்லா யன்னலிலும் கொடி. அம்மா மிதிவெடி ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தா. வென்றால் கீழ்வீட்டுத் துருக்கிக் குடும்பத்துக்கும் கொடுக்கவாம்.

15ஆம் நிமிடம் மைன்ஸுக்குக் கோல். 19ஆம் நிமிடம் எங்களுக்குப் பெனால்டி. பந்தை எடுத்துக்கொண்டு போனவர் ஹாலர். சின்னவன் அப்பாவின் கையைப் பிடித்தான். கோல்காப்பாளர் டாமென் பாய்ந்து தடுத்தார். 24ஆம் நிமிடம் மைன்ஸுக்கு இரண்டாவது.

சின்னவன் கத்தினான்: "அவன் ஏன் அடிச்சவன்? வேற ஆள் அடிச்சிருக்கலாம்! அவனாலதான்!" அழுகை வந்துவிட்டது. சட்டையைக் கழற்றி எறியப் பார்த்தான். நான் எழும்ப முன்னம் அப்பா சொன்னார், குரலை உயர்த்தாமல்:

"அவன் வேணுமெண்டு விட்டவனே?"

சின்னவன் பேசவில்லை.

"சொல்லு. வேணுமெண்டு விட்டவனே?"

"இல்லை."

"அப்ப சட்டையைப் போடு. இன்னும் நேரம் கிடக்கு."

அவர் பேரனைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எனக்கு மூச்சு நின்றது. லாச்சிக்குள் கடிதம் இருந்தது அவருக்குத் தெரியுமா? தெரிந்திருக்கலாம். அவர் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. குசினிக்குள் போய் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் நின்றேன்.

69ஆம் நிமிடம் கெரேரோ ஒன்று. பிறகு 81ஆம் நிமிடம், தெரு முழுக்க ஒரே சத்தம்: கேல்ன் பெனால்டியில் சமன் செய்துவிட்டது! தோற்றுக்கொண்டிருந்தாலும் நாங்கள்தான் சம்பியன். கணக்குச் சரி. அப்பா விரலை மடக்கிப் பார்த்து, "70, 69" என்றார். கீழ்வீட்டுப் பெடியன் படியில் ஓடினான். சின்னவன் கதிரையில் ஏறி நின்றான். எட்டு நிமிடம். 89ஆம் நிமிடம் முசியாலா.

மேலதிக நேரத்தில் சூலே சமன் செய்தார். இன்னும் ஒன்று தேவை. வரவில்லை.

2001இல் ஷால்க்கவுக்கும் இப்படித்தான் நடந்தது. நாலு நிமிடம் சம்பியன், பிறகு ஹாம்பூர்க்கிலிருந்து பயேர்னின் கோல் வந்தது. அப்போது நாங்கள் டோர்ட்மண்டில் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு 14 வயது, நானும் சிரித்தேன். இந்த மே 27இல் ஷால்க்க லைப்சிக்கில் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. யாருக்கும் சிரிக்க மனமில்லை.

ஆட்டம் முடிந்து ரி.வி.யை அணைக்கப் போனேன். "விடு பிள்ளை" என்றார் அப்பா. தெற்கு மேடையில் ஒருவரும் வெளிக்கிடவில்லை. 25,000 பேர் நின்று கை தட்டினார்கள், பாடினார்கள். டெர்சிச் அவர்கள் முன்னால் வந்து நின்று அழுதார். 11 வருஷம் கழகத்தை விட்டுப் போகாமல் இருந்து ஒரு முறைகூட லீக் கிண்ணம் தொடாத ரொய்ஸ், இந்த ஊர்ப் பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஹாலர் மைதானத்தில் இருந்தார். யாரும் அவரை ஏசவில்லை.

மியூனிக்கிலிருந்து தம்பி, சித்தியின் மகன், வாட்ஸ்அப்பில் கிண்ணத்தின் படம் அனுப்பினான். அடியில்: "மருமகனைக் கேக்கிறன், கட்சி மாறுறானோ எண்டு." சின்னவன் என் போனை வாங்கி, தானே தமிழில் எழுதினான். எழுத்துப் பிழையோடு: "இல்ல மாமா. நான் இஞ்சதான்."

மூன்று வருஷமாகச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் அனுப்பியதற்கு அது போதும் எனக்கு.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை, அப்பாவுக்குச் சிகிச்சைக்குப் பிறகான ஸ்கான் முடிவு. முன்பென்றால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரகசியமாகப் போயிருப்போம். இந்த முறை இரண்டு பேருக்கும் முதல் நாள் இரவே சொன்னோம்: நாளைக்கு முடிவு வரும், நல்லதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எதுவென்றாலும் பின்னேரம் வந்து சொல்லுவோம். மகள் "சரி" என்றாள். சின்னவன் ஒன்பதாம் இலக்கச் சட்டையை அப்பாவிடம் கொடுத்தான். போட ஏலாது, சின்னது. அவர் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காத்திருக்கும் அறையில் இருக்கும்போது நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். லாச்சி, 2021, எல்லாம். அப்பா கொஞ்ச நேரம் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"எனக்கும் ஜெர்மன் வாசிக்கத் தெரியும் பிள்ளை," என்றார். "நானும்தான் திறந்து பார்த்தனான். பயத்தில திரும்ப வைச்சனான்."

பிறகு பெயர் கூப்பிட்டார்கள்.

இப்போதைக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். பூண்டஸ்லீகாவும் ஓகஸ்டில் திரும்பத் தொடங்குகிறது.

நீங்கள் இதை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். அம்மா அப்பா வீட்டுக்குப் போகும்போது ரி.வி. மேசை லாச்சியைத் திறந்து பாருங்கள். உறை பிரித்ததோ பிரிக்காததோ, அப்படி ஒரு கடிதம் கிடந்தால் எடுத்து அவர்களோடு இருந்து வாசியுங்கள். கடிதம் இல்லாவிட்டாலும் வீட்டு டொக்டரிடம் கேட்கலாம். பிள்ளைகள் கேட்டால் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கவும் கூடும்.

அன்று பின்னேரம் சின்னவனுக்கு முடிவைச் சொன்னோம். கேட்டுவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். வாசலில் நின்று அம்மப்பாவிடம் கேட்டான்:

"அடுத்த முறை பெனால்டி வந்தா ஹாலரை அடிக்க விடுவினமோ?"

"விட வேணும்," என்றார் அப்பா. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவனோடு இறங்கிப் போனார்.